லினக்ஸில் கிராபிக்ஸ் பவர் மேனேஜ்மென்ட் நின்றிருந்தால்: நிறுத்தியது எது என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

கச்சான் அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் லப்டொப் சுட்டால் வெயில் என்று விட்டுவிடுவோம். ஆனால் எதையும் திறக்காமல் சும்மா வைத்தும் ஃபேன் அடங்கவில்லை, பற்றரி மளமளவென்று இறங்குகிறது, ‘டொப்’ கட்டளையில் பார்த்தால் சிபியூவும் ஓய்வாக இருக்கிறது என்றால், கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள். அதன் பவர் மேனேஜ்மென்ட் (வேலை இல்லாதபோது கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் குறைத்து அல்லது தூங்கவைத்து மின்சாரம் மிச்சப்படுத்துவது) நின்றிருக்கலாம். பாவித்த லப்டொப்பில் லினக்ஸ் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். திரும்ப இயக்குவது சுலபம். எது நிறுத்தியது என்று பார்க்காமல் இயக்கினால்தான் திரை கறுப்பாகி நிற்கும்.

(கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியுள்ளோம், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் ‘கேட் /ப்ரொக்/சிஎம்டிலைன்’. அந்த வரியில் ‘நோமோட்செட்’ இருந்தால் முதலில் அதை எடுங்கள், அதுவரை மற்ற எதையும் தொட வேண்டாம். இன்ஸ்டோல் பண்ணும்போது கறுப்புத் திரையைத் தாண்டுவதற்காகப் போட்டு, பிறகு எடுக்க மறந்த சொல் அது. அது இருக்கும்வரை உண்மையான கிராபிக்ஸ் டிரைவர் ஏறாது. ஏறாத டிரைவருக்குப் பவர் மேனேஜ்மென்ட் ஏது? ‘ரேடியன்.டிபிஎம்=0’, ‘ஏஎம்டிஜிபியூ.டிபிஎம்=0’, ‘ஏஎம்டிஜிபியூ.ரன்பிஎம்=0’ போன்றவையும் (டிபிஎம் வேலைக்கேற்பக் கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, ரன்பிஎம் சும்மா இருக்கும் கார்டைத் தூங்கவைப்பது, 0 என்றால் நிறுத்தம்) அங்கேதான் தெரியும். தெரியாவிட்டால் ‘/ஈடிசி/மோட்ப்ரோப்.டி’ கோப்புறையையும் பாருங்கள். அங்கே மாற்றினால் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்ட வேண்டும். “மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பதற்குப் பெரும்பாலும் இதை விட்டதுதான் காரணம்.

அடுத்தது ஃபெர்ம்வெயர், அதாவது டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் சிறு மென்பொருள். பழைய ஏஎம்டி கார்டுகளின் ரேடியன் டிரைவரில் ‘/சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்/கார்ட்0/டிவைஸ்/பவர்_மெதட்’ கோப்பைத் திறந்தால் ‘டிபிஎம்’ என்றிருக்க வேண்டும். ‘ப்ரொஃபைல்’ என்று வந்தால் டிரைவர் பழைய முறைக்கு இறங்கிவிட்டது. கார்டு பூட் ஆன வேகத்திலேயே நிற்கும். கேர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவுகளைக் காட்டும் ‘டிமெசெஜ்’ கட்டளையின் வெளியீட்டில் ஃபெர்ம்வெயர் ஏறவில்லை என்ற வரி இருந்தால் காரணம் அதுதான். டெபியன் 12இல் ‘நொன்-ஃப்ரீ-ஃபெர்ம்வெயர்’ பகுதியைச் சேர்த்து ‘ஃபெர்ம்வெயர்-ஏஎம்டி-கிராபிக்ஸ்’ பொதியை நிறுவுங்கள். எச்டி 2000, 3000 தொடர்களில் ஃபெர்ம்வெயர் இருந்தாலும் டிரைவரே டிபிஎம்மை மூடித்தான் வைத்திருக்கும். 3.11 கேர்னலில் (2013) வந்த டிபிஎம், 3.13இல் புதிய சில்லுகள் பலவற்றுக்குத் தானாக இயங்கத் தொடங்கியபோதும் இவை சேரவில்லை.

இவற்றில் இயக்கிப் பார்க்க, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘ஈ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘ரேடியன்.டிபிஎம்=1’ சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே அது செல்லும். திரை குழம்பினால் பவர் பட்டனைப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், பழையபடி வரும். ஒரு நாள் வேலை செய்து, வீடியோ ஓட்டி, மூடித் திறந்து பார்த்த பிறகே ‘/ஈடிசி/டிஃபோல்ட்/கிரப்’ கோப்பில் எழுதி ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். அவசரப்பட்டு நிரந்தரமாக எழுதுபவர்கள்தான் பென் டிரைவோடு அலைகிறார்கள்.

இரண்டு ஜிபியூ (கிராபிக்ஸ் சில்லு) உள்ள லப்டொப்பில், இரண்டாவது கார்டு தூங்குகிறதா என்று அந்தக் கார்டின் பிசிஐ முகவரிக்குரிய கோப்புறையில் உள்ள ‘பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ சொல்லும். ‘சஸ்பெண்டட்’ வர வேண்டும். கார்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ அடித்து உடனே பார்க்காதீர்கள். அந்தக் கட்டளையே கார்டை எழுப்பிவிடும். சில விநாடி விட்டுப் பாருங்கள். பக்கத்திலுள்ள ‘பவர்/கன்ட்ரோல்’ கோப்பில் ‘ஒன்’ என்றிருந்தால் பவர் மேனேஜ்மென்ட் இயங்குகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது “தூங்கவே விடாதே” என்ற கட்டளை. ‘ஓட்டோ’ என்று மாற்றுங்கள். கார்டின் எச்டிஎம்ஐ ஒலிப் பகுதி அதே முகவரியில் ‘.1’ என்று தனியாக இருக்கும். அதுவும் ‘ஓட்டோ’ ஆகாவிட்டால் கார்டு அணையாது.

‘ஓட்டோ’ ஆனதும் லப்டொப் உறைந்தால், முதலில் கேர்னலைப் புதுப்பியுங்கள். அப்படியும் உறைந்தால் ‘ரன்பிஎம்=0’ மட்டும் போடுங்கள். ‘டிபிஎம்=0’ வேண்டாம்; அது வேகத்தைக் குறைப்பதையும் சேர்த்து நிறுத்திவிடும்.

என்விடியா ஜிடிஎக்ஸ் 10 தொடரில் நூவோ (லினக்ஸோடு வரும் திறமூல டிரைவர்) வைத்திருப்பவர்கள் வேகத்தை மாற்ற மெனக்கெட வேண்டாம். அதற்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபெர்ம்வெயர் வேண்டும், அது நூவோவுக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடுவதுதான் வழி.