பாராடிடிலை க்ரூவாக மாற்றிய அனுபவம்

பாராடிடில் 40 சர்வதேச டிரம் ரூடிமென்ட்களில், அதாவது அடிப்படை அடி வரிசைகளில், ஒன்று. வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது என்பது அதன் வரிசை. பயிற்சிப் பேடில் சீராக வந்த அதை, வலக்கையை ஹை-ஹாட் எனும் ஜோடி சிம்பலிலும் இடக்கையை ஸ்நேர் டிரம்மிலும் வைத்து வாசித்தபோது, எல்லா அடிகளும் ஒரே கனத்தில் விழுந்ததால் க்ரூவ், அதாவது உடலை அசைய வைக்கும் தாள ஓட்டம், எழவே இல்லை.

ஒரு பீட்டுக்கு நான்கு அடிகளாக எண்ணினால், 4/4 தாளத்தின் 2, 4 ஆகிய பீட்கள் இயல்பாகவே இடக்கையில் அமைகின்றன. ஆகவே அவற்றை மட்டும் ஓங்கி அடித்து, மற்ற இடக்கை அடிகளைக் காதில் விழுந்தும் விழாத கோஸ்ட் நோட்களாக்கினாலே பேக்பீட் (2, 4-இல் விழும் அழுத்தம்) துலங்கிவிடும். ஆனால் ஓங்கி அடித்த குச்சி துள்ளி மேலெழுகிறது. அடுத்த கோஸ்ட் நோட்டுக்கு முன் வலக்கையின் ஒரே ஓர் அடிதான் இடைவெளி. எனவே அடித்தவுடன் குச்சி நுனியைத் தோலுக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தவும், வலக்கை இருமுறை அடிக்கும் நேரத்தில் அதை மறுபடி உயர்த்தவும், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்துப் பழகினேன். இந்த நிறுத்தம் கைகூடும்வரை வேகத்தைக் கூட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது படிந்த பின்னரே 1, 3 பீட்களில் பேஸ் டிரம்மைச் சேர்த்தேன். இப்போது வலக்கை இரட்டை அடியின் முதல் அடியோடும் அதை இணைத்து வாசிக்கிறேன்.