கப்பல் போட்டோவும் வீட்டு போட்டோவும்: பாக்கறவங்க ஓடிப்போகாம எடுக்கறது, அனுப்பறது எப்படி

மொதல் தடவை க்ரூஸ், அதாவது கப்பல்லயே தங்கி ஊர் சுத்தற டூர், போய்ட்டு வந்தப்போ என் போன்ல 1,140 போட்டோ இருந்துச்சு, அதுல பாதிக்கு மேல கடல். வெறும் கடல்ங்க, நடுவுல ஒரு கோடு, மேல வெளிர் நீலம் கீழ அடர் நீலம், அவ்ளோதான். டிவில போட்டு எல்லாருக்கும் காமிச்சேன். நாப்பதாவது போட்டோ வர்றதுக்குள்ள பெரியம்மா ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி எந்திரிச்சு உள்ள போய்ட்டாங்க, தம்பி அவன் போனுக்குள்ள போய்ட்டான். அப்புறம் நடுவுல எப்படியோ ஒண்ணு வந்துச்சு, ராத்திரி கப்பல் ஆடின ஆட்டத்துல எங்க ரெண்டு பேர் செருப்பும் நகந்து நகந்து கேபின் மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கிடக்குது, சும்மா கிளிக் பண்ணது. அதுக்குத்தான் உள்ள போன பெரியம்மாவே திரும்பி வந்தாங்க, "ஏய் அவ்ளோவா ஆடும்? தூங்கினீங்களா இல்லையா?"ன்னு கேட்டாங்க. கதையே அங்கதான் ஆரம்பிச்சுது.

அதுக்கப்புறம் நான் பிடிச்சுக்கிட்ட வழக்கம் இதுதான், கப்பல்ல போறப்போ வீட்ல நடக்கற மாதிரி சின்ன சின்ன விஷயத்தை எடுக்கறது, வீட்ல இருக்கறப்போ புது ஊருக்கு வந்தவன் மாதிரி சுத்தி பாத்து எடுக்கறது. இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு கிடையாது. 1912 ஏப்ரல்ல டைட்டானிக்ல சவுத்தாம்ப்டன்ல ஏறி அயர்லாந்து குவீன்ஸ்டவுன்ல இறங்கிட்ட பிரான்சிஸ் பிரௌன்னு ஒருத்தர், அப்போ பாதிரியாருக்கு படிச்சுட்டு இருந்தவர், அந்த கொஞ்ச நேரத்துல நிறைய போட்டோ எடுத்திருக்காரு. நியூயார்க் வரைக்கும் போக ஆசைதான், அவரோட சபை மேலிடத்துல இறங்கச் சொல்லிட்டாங்க, ஆளும் தப்பிச்சாரு போட்டோவும் தப்பிச்சுது. அதுல ஒண்ணுல ஒரு சின்னப்பையன் டெக்ல பம்பரம் விடறான், அவன் அப்பா நின்னு பாக்கறாரு. நூறு வருஷம் தாண்டியும் ஜனங்க அந்த பம்பரத்தைத்தான் நின்னு பாக்கறாங்க. கடல் அன்னிக்கும் நீலமாத்தான் இருந்திருக்கும்.

சரி வேலைக்கு வருவோம்.

கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல இடம் பாருங்க. ஐபோன்ல 4கே 60 பிரேம்ல வீடியோ எடுத்தா ஒரு நிமிஷத்துக்கே சுமார் 400 எம்பி போய்டும், 1080பி 30 பிரேம்னா 60 எம்பிதான், மத்த போன்லயும் கிட்டத்தட்ட இந்த மாதிரி வித்தியாசம் இருக்கும். வீட்ல இருக்கறவங்க போன்ல பாக்கப்போற வீடியோவுக்கு 1080 தாராளம். பழைய போட்டோவை வேற எடத்துக்கு காப்பி பண்ணிட்டு போங்க, கப்பல்ல உக்காந்து "ஸ்டோரேஜ் புல்" பாத்துட்டு அவசரத்துல எதை எதையோ டிலீட் பண்றது மாதிரி கொடுமை கிடையாது.

ஏறினதும் ஏரோப்ளேன் மோட் போட்டுட்டு வைஃபை மட்டும் தனியா ஆன் பண்ணுங்க. நடுக்கடல்ல கப்பலோட சொந்த மொபைல் நெட்வொர்க் இருக்கும், அது சேட்டிலைட் வழியா போறது, உங்க போன் தானா அதுல போய் ஒட்டிக்கிச்சுன்னா ரோமிங் பில் பாத்து மயக்கம் வரும். அதோட ஆட்டோ பேக்கப்பையும் ஆப் பண்ணிடுங்க, கப்பல் வைஃபைல நீங்க ஒரு போட்டோ அனுப்ப முக்கிட்டு இருக்கறப்போ பின்னாடி அது பாட்டுக்கு முன்னூறு போட்டோவை மேல ஏத்திட்டு இருக்கும்.

இன்னொண்ணு, நேரம். கப்பல் போற போக்குல மணியை முன்னாடி பின்னாடி மாத்துவாங்க, தனி கேமரா வச்சிருந்தா அதுக்கு இது தெரியாது, வீட்டுக்கு வந்து போனையும் கேமராவையும் சேத்து வரிசைப்படுத்தினா சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் மத்தியானம் வரும். இதுக்கு நான் பண்றது ரொம்ப சிம்பிள், தினமும் காலைல மொதல் போட்டோவா கப்பல்ல குடுக்கற அன்னிக்கு நிகழ்ச்சி தாளை எடுத்துடுவேன், ரெண்டு கருவிலயும். தாள் குடுக்காம ஆப்லயே காமிக்கற கப்பல்னா போன்ல ஸ்க்ரீன்ஷாட், கேமராவுக்கு அந்த போன் ஸ்க்ரீனையே ஒரு கிளிக். தேதி, எந்த துறைமுகம், கப்பல் மணி எல்லாம் அதுல இருக்கும், பின்னாடி ஆல்பம் பண்றப்போ நாளை பிரிச்சு காமிக்க அதுவே போதும்.

இப்போ எல்லாரும் மாட்டற இடம். ஏசி கேபின்ல இருந்து நேரா வெளிய வந்து போனை நீட்டினீங்கன்னா லென்ஸ் மேல பனி படிஞ்ச மாதிரி மூடிக்கும், வெளிக்காத்து சூடா ஈரமா இருக்கு, கண்ணாடி குளுந்து கிடக்கு, ஆவி அதுல படியத்தானே செய்யும். துடைச்சாலும் திரும்ப படியும். பத்து பதினைஞ்சு நிமிஷம் முன்னாடியே பைக்குள்ள வச்சு வெளிய கொண்டு வந்துட்டா சரியாப்போகும். இதைவிட மோசம் உப்பு. காத்துலயே உப்பு சாரல் வரும், ஒரு நாள் பூரா டெக்ல சுத்தின போன்ல எடுத்தா எல்லா லைட்டும் மசமசன்னு பரவி தெரியும், "இந்த போன் கேமராவே சரியில்ல"ன்னு நான் மூணு நாள் திட்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா உப்பு. சட்டை நுனில வறட்டுன்னு தேய்க்காதீங்க, உப்பு கல்லு மாதிரி கீறும், நல்ல தண்ணில லேசா நனைச்ச மெல்லிய துணியால ஒத்தி எடுத்துட்டு அப்புறம் காஞ்ச துணி.

கடலை எடுக்கவே கூடாதுன்னு சொல்லல, எடுங்க, ஆனா முன்னாடி ஏதாவது வைங்க. கைப்பிடி கம்பி, யாரோ ஒருத்தர் முதுகு, காத்துல பறக்கற துப்பட்டா, உயிர்காப்பு படகோட ஓரம், எதுவோ ஒண்ணு. 30 மீட்டர் உயர டெக்ல நின்னா அடிவானம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அவ்ளோ பெரிய வெறுமைக்கு அளவு சொல்ல பக்கத்துல ஒரு பொருள் இல்லன்னா பாக்கறவங்களுக்கு அது சுவத்துல அடிச்ச பெயிண்ட்தான். கேமரா செட்டிங்ல கிரிட் கோட்டை ஆன் பண்ணி அடிவானத்தை அதோட சேருங்க, கம்பியோட சேக்காதீங்க, கப்பல் சாயறப்போ கம்பியும் சேந்து சாயும். கப்பலுக்கு பின்பக்கம் போய் தண்ணில விழற வெள்ளைத்தடம் எடுங்க, பயணம்னு ஒரே போட்டோல சொல்றதுக்கு அதைவிட நல்லது எனக்கு தெரிஞ்சு இல்ல.

அஸ்தமனத்துக்கு ஓடறதுக்கு முன்னாடி மேப்பை ஒரு தடவை பாருங்க. கப்பல் வடக்க போகுதுன்னா மேற்கு உங்க இடது கை பக்கம், தெற்க போகுதுன்னா வலது பக்கம். நான் ஒரு நாள் தப்பான பக்கம் நாப்பது நிமிஷம் இடம் பிடிச்சு உக்காந்திருந்தேன், அதை இங்க சொல்லாம விட முடியல.

ராத்திரி எடுக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நைட் மோட்ல போன் மூணு செகண்ட் வாங்குதுன்னு வைங்க, 20 நாட் வேகத்துல போற கப்பல் செகண்டுக்கு 10 மீட்டர் கிட்ட நகரும், அதுக்குள்ள நீங்க 30 மீட்டர் தள்ளி போய்ட்டீங்க, அதனால கிட்டக்க தெரியற கரை லைட்டு, பக்கத்துல போற படகு எல்லாம் இழுபட்டு போகும், ஸ்டாண்ட் வச்சாலும் ஒண்ணும் நடக்காது, ஸ்டாண்டும் கப்பல்லதானே நிக்குது. ஆனா டெக்ல இருக்கற நாற்காலி, நிக்கற ஆளு, விளக்கு இதெல்லாம் உங்க கூடவே நகருதுல்ல, அது தெளிவா விழும். அதனால இருட்டினதுக்கு அப்புறம் கேமராவை கப்பலுக்குள்ள திருப்புங்க. ஊரை தூரத்துல இருந்து எடுக்கணும்னா சூரியன் இறங்கி இருபது முப்பது நிமிஷத்துக்குள்ள எடுத்துடுங்க, வானத்துல வெளிச்சம் மிச்சம் இருக்கும். கண்ணாடி ஜன்னல் வழியா எடுக்கறதுன்னா ரூம் லைட்டை அணைச்சுட்டு லென்ஸை கண்ணாடிக்கு ஒட்டி பிடிங்க. கம்பிக்கு வெளிய கையை நீட்டி எடுக்கவே எடுக்காதீங்க, போனை கயிறு போட்டு கைல மாட்டியிருந்தாலும்.

பெரும்பாலான கப்பல்ல ட்ரோன் விட மாட்டாங்க, கேசினோ, செக்யூரிட்டி ஸ்கேன், இமிக்ரேஷன் பக்கம் கேமராவை எடுக்காதீங்க. நீச்சல் குளத்துல அடுத்தவங்க குழந்தை பிரேம்ல வந்தா அந்த போட்டோ வேண்டாம். கேபின் சுத்தம் பண்றவர், பரிமாறறவர் இவங்களை எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, அவங்க வேலை நேரத்துல இருக்காங்க, பேர் பேட்ஜை கிராப் பண்ணிட்டு போடுங்க.

அப்போ என்னதான் எடுக்கறது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்டு போற அந்த காரிடார், அதுல உங்க ரூமை எதை வச்சு அடையாளம் கண்டீங்களோ அது. லைப் ஜாக்கெட் பயிற்சில அம்மா முழிச்ச முழி. வழக்கமா போய் உக்காந்த அந்த ஒரே நாற்காலி, ஒவ்வொரு நாளும். விடியக்காலைல ஆளே இல்லாத டெக். குமட்டல் வந்து சுருண்டு படுத்தவர், அவர் எந்திரிச்சு சரின்னு சொன்னதுக்கு அப்புறம் மட்டும் வெளிய காட்டுங்க.

வீட்டு போட்டோதான் உண்மையிலேயே கஷ்டம், ஏன்னா தினமும் பாக்கறது கண்ணுல படாது. திரும்பி வந்த மொதல் ரெண்டு நாளை வீணாக்காதீங்க, தரை இன்னும் ஆடற மாதிரியே இருக்கும், வீடு யாரோ ஒருத்தர் வீடு மாதிரி தெரியும், அந்த கண்ணு மூணாவது நாள் போய்டும். பாதி பிரிச்ச பெட்டி, அதுக்குள்ள தலையை விட்டு தேடற பொண்ணு, தண்ணி இல்லாம தொங்கிப்போன செடி, வாசல்ல சேந்து கிடக்கற தபால், அப்பாவோட மூக்குக்கண்ணாடி விட்ட எடத்துலயே. இதெல்லாம் பயண ஆல்பத்தோட கடைசி பக்கமா வச்சு பாருங்க, முன்னாடி இருக்கற நூறு போட்டோவுக்கும் அது ஒரு அர்த்தம் குடுக்கும்.

வீட்டுக்குள்ள லைட்டுதான் பாதி வேலை. ஜன்னல் பக்கத்துல ஆளை பக்கவாட்டா உக்கார வைங்க, மேல எரியற பல்பை அணைங்க, ரெண்டு வெளிச்சமும் கலந்தா முகம் ஒரு பக்கம் மஞ்சளாவும் ஒரு பக்கம் நீலமாவும் போய் உடம்பு சரியில்லாத ஆளு மாதிரி தெரியும். குழந்தையை எடுக்கறப்போ முட்டி போட்டு அதோட கண்ணு மட்டத்துக்கு இறங்குங்க. கேமரா பாத்து சிரின்னு சொல்லாதீங்க, அவங்க வேலையை அவங்க பாக்கட்டும். எனக்கு பிடிச்ச ஒரு பழக்கம், கப்பல் கேபின் ஜன்னலை காலைல எடுத்தேன்ல, அதே நேரத்துக்கு வீட்டு ஜன்னலையும் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்பினேன், எழுதவே வேண்டியிருக்கல.

அனுப்பறதுக்கு வருவோம். 140 போட்டோவை குரூப்ல ஒரே மூச்சுல கொட்டாதீங்க, யாரும் பாக்க மாட்டாங்க, கட்டைவிரல் மட்டும் காமிப்பாங்க. பயணத்தோட ஒவ்வொரு நாளுக்கும் அஞ்சு மட்டும் பொறுக்குங்க. மொதல் சுத்துல கலங்கினது, கண்ணு மூடினது எல்லாம் தூக்குங்க, ரெண்டாவது சுத்துல ஒரே மாதிரி பத்து இருந்தா ஒண்ணு வைங்க, அப்புறம் ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் பாருங்க, அப்போதான் பாசம் குறையும். கேப்ஷன்ல படத்துல தெரியறதையே திரும்ப எழுதாதீங்க. "சூரிய அஸ்தமனம்"னு எழுதினா எனக்கும் கண்ணு தெரியுமேன்னுதான் தோணும், "இதை பாக்க ஓடி வந்ததுல ஒத்த செருப்பு லிப்ட்லயே போய்டுச்சு"ன்னு எழுதுங்க. இதெல்லாம் ஒரு வாரத்துல மறந்து போகும், அதனால அன்னிக்கே படுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வாய்ஸ் மெமோ பேசி வச்சுக்கோங்க.

பயணத்துல இருக்கறப்போவே பப்ளிக்கா போடாதீங்கன்னு சொன்னா சிரிக்கறாங்க, ஆனா நடுக்கடல்ல இருக்கோம்னு போடறதும் வீடு பூட்டிக் கிடக்குன்னு போர்டு மாட்டறதும் ஒண்ணுதான். பயணத்துல இருக்கறப்போ நெருங்கினவங்களுக்கு மட்டும் தினம் ஒரு போட்டோ, மத்தவங்களுக்கு திரும்பி வந்ததுக்கு அப்புறம். கப்பல் கார்டு, போர்டிங் பாஸ், பெட்டில ஒட்டின டேக், ரூம் நம்பர் எதுவும் தெரியக்கூடாது, பார்கோடு மட்டும் தெரிஞ்சாக்கூட போதும் அதை படிக்க. வீட்டு போட்டோவுல இன்னும் உஷார், பார்சல் மேல அட்ரஸ், ஸ்கூல் ஐடி கார்டு, ரவுட்டர் பின்னாடி ஒட்டின பாஸ்வேர்டு, கண்ணாடில தெரியற ஆளு. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஓரம் நாலையும் ஜூம் பண்ணி பாத்துடுங்க.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படத்தை நசுக்கிடும், எச்டி அமுக்கினா கொஞ்சம் தேவலை, டாக்குமெண்டா அனுப்பினா ஒரிஜினல் அப்படியே போகும். ஆனா ஒரிஜினல்னா எடுத்த இடமும் அதுக்குள்ளயே சேந்து போகும், வீட்ல எடுத்ததை அப்படி அனுப்பினா வீடு எங்க இருக்குன்னு மேப்ல புள்ளி வச்சு குடுத்த மாதிரி. ஷேர் பண்றப்போ லொக்கேஷனை எடுத்துட்டு அனுப்பற ஆப்ஷன் நிறைய போன்ல இருக்கு, தேடி பாருங்க. ஷேர்டு ஆல்பம் லிங்க் குடுத்தீங்கன்னா அந்த லிங்க் யார் கைல போனாலும் அவங்களும் பாக்கலாம், எல்லாரும் பாத்து முடிச்சதும் மூடிடுங்க.

வயசானவங்களுக்கு லிங்க் வேண்டாம், இருபது போட்டோ பிரிண்ட் போட்டு கைல குடுங்க, அதுல முகம் பெருசா தெரியறது பாதியாவது இருக்கணும். பின்னாடி தேதியும் பேரும் எழுதிடுங்க, இப்போ வர்ற பிரிண்டுக்கு பின்பக்கம் வழவழன்னு இருக்கறதால பென்சில் பிடிக்காது, பால்பாயின்ட் அழுத்தினா முன்பக்கம் வரி விழும், மெல்லிசான மார்க்கர் வாங்கி எழுதிட்டு நல்லா காயற வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க.