தோட்டத்து மென்பந்துப் போட்டிக்கு நேரலை வர்ணனை சொல்வது எப்படி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மைதானங்களில் நடக்கும் மென்பந்து கிரிக்கெட் போட்டிகளைக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் போனில்தான் பார்க்கிறார்கள். படம் அவர்களுக்குத் தெரிகிறது, ஸ்கோர்தான் தெரியாது. நடுவில் வந்து சேர்ந்தவருக்கு எந்த அணி துடுப்பெடுத்தாடுகிறது என்றே புரியாது.

அமெரிக்க பேஸ்போல் வர்ணனையாளர் ரெட் பார்பர் பக்கத்தில் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்தால் ஸ்கோரைச் சொல்ல வேண்டும் என்பது கணக்கு. 5 ஓவர் போட்டிக்கு மூன்று நிமிடமே அதிகம். இரண்டு பந்துக்கு ஒரு தடவை சொல்லுங்கள், வரிசை மாறாமல். தோட்டத்தின் மேல் பிரிவு அணி ஆடினால் இப்படி: “மேல் பிரிவு 2 விக்கெட்டுக்கு 31. இன்னும் 9 பந்து, 14 ஓட்டம் வேணும்.”

பெயர்ப் பட்டியலை அரை மணி முன்பே இரண்டு கப்டன்களிடமும் வாங்கி, ஜெர்சி இலக்கத்தோடு பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே அணியில் இரண்டு தினேஷ் நிச்சயம் இருப்பார்கள். லயத்து வீடுகளில் கூப்பிடும் பட்டப்பெயரை மைக்கில் சொல்வதானால் ஆளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், வீட்டாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இருவர் பேசுவதானால் ஒருவர் பந்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும் இரண்டாமவர் வாயை மூடிவிட வேண்டும். பேஸ்போலிலும் இதே பங்கீடுதான். அங்கே 2023 முதல், தளங்களில் ஓட்டக்காரர் இல்லாதபோது 15 விநாடிக்குள் பந்து வீச வேண்டும் என்று விதி வந்ததால் நீட்டிக் கதை சொல்ல நேரமில்லை. நமக்கோ பந்து தேயிலைக்குள் விழுந்தால் பத்துப் பேர் தேடுவார்கள். அந்த இடைவெளி இரண்டாமவருடையது: எந்தப் பக்கம் எல்லை கிட்ட, மண்மேட்டில் பட்ட பந்து எப்படித் திரும்பும், போன போட்டியில் இவர் எத்தனை அடித்தார். இதையெல்லாம் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

“ஓடுகிறார், எடுக்கிறார், எறிகிறார்” என்பது வானொலிப் பழக்கம். படத்தில் தெரிவதைத் திரும்பச் சொன்னால் சலிப்புத்தான் வரும். ஆனால் பனிமூட்டம் இறங்கித் திரை வெள்ளையாகிவிட்டால் உடனே வானொலிக்கு மாறுங்கள்: பந்து எந்தத் திசையில் போனது, எவ்வளவு தூரம், யார் துரத்துகிறார். இந்த இரண்டு வாயும் இல்லாமல் மலையகத்தில் வர்ணனை சொல்ல முடியாது.

பெரிய கணத்தில் கத்தாதீர்கள். 1988 பேஸ்போல் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கேர்க் கிப்சன் அடித்த வெற்றி ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) ஒரே வரியில் சொல்லிவிட்டு, வர்ணனையாளர் வின் ஸ்கல்லி ஒரு நிமிடத்துக்கும் மேல் பேசவில்லை. கூட்டத்தின் ஆரவாரம்தான் கேட்டது. கடைசிப் பந்தில் சிக்ஸர் போனால் “ஆறு! கீழ் பிரிவு வென்றது!” என்று சொல்லி நிறுத்துங்கள். தப்பு மேளமும் பட்டாசும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மைக்கில்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள். பந்து, பவுண்டரி, பிடி என்று நம் சொற்கள் ‘ப’வில் தொடங்குவதால் நேராக ஊதினால் “டப் டப்” என்று வெடிக்கும். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போடுங்கள். மைதான ஒலிபெருக்கி மைக்கைப் பார்த்தபடி இருந்தால் கூவும். அதை உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். நேரலை சில விநாடி பிந்தித்தான் போகும். அதைப் பக்கத்தில் சத்தமாக ஓட விட்டால் உங்கள் குரலே உங்களைக் குழப்பும்.

வாழ்த்துச் சொல்லச் சொல்லிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். ஓவர் முடிவில் இரண்டு பெயர் வாசியுங்கள். கடைசி ஓவரில் ஒன்றும் வேண்டாம்.