விமானத்தில் பறவை மோதுவது ஏன் கூடுகிறது? நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி

உங்கள் ஊர் விமான நிலையத்தில் பறவை மோதல் கூடிவிட்டது என்று செய்தி வந்தால், முதலில் விமானங்களும் கூடினவா என்று பாருங்கள். மொத்த எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். 10,000 முறை விமானம் ஏறி இறங்கியதற்கு எத்தனை மோதல் என்று கணக்குப் போடுங்கள். விமானிகள் சின்ன மோதலையும் விடாமல் பதிவு செய்ய ஆரம்பித்தாலும் எண்ணிக்கை ஏறும்.

சரி, கணக்குப் போட்டும் கூடியிருக்கிறது என்றால், அடுத்தது எந்தப் பறவை என்ற கேள்வி. இது தெரியாமல் எதைச் செய்தாலும் வீண்தான். 1960-ல் பாஸ்டனில் ஒரு விமானம் விழுந்து 62 பேர் இறந்ததற்குக் காரணம் மைனா குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு ஸ்டார்லிங் பறவைகள். 2009-ல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை முடக்கியவை கனடா வாத்துகள். எஞ்சினில் ஒட்டிய ஒரு துளி ரத்தம், பிய்ந்த இறகு போதும், மரபணுவைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடுவார்கள். அதனால் அதைத் துடைத்து எறிவது பெரிய தவறு.

நம் நாட்டில் அடிக்கடி அடிபடுவது கள்ளப்பருந்து. அதுதான் என்றால் ஓடுபாதையை விட்டு வெளியே வாருங்கள். இறைச்சிக் கடைக் கழிவு எங்கே கொட்டுகிறார்கள், மீன் சந்தை எங்கே, மூடாத குப்பைமேடு எங்கே என்று தெருத்தெருவாக நடந்து பாருங்கள், ஏனென்றால் வெயில் ஏறியதும் பருந்து அந்தக் குப்பைக்கு மேலேதான் வட்டமடித்து ஏறும், இறங்குகிற விமானமும் அதே உயரத்தில் வந்துகொண்டிருக்கும். ஆள்காட்டியோ உண்ணிக்கொக்கோ என்றால் காரணம் பெரும்பாலும் வேலிக்கு உள்ளே: தேங்கிய மழைத்தண்ணீர், ஈசல், புல் வெட்டும்போது கிளம்பும் பூச்சிகள். எந்த மாதம், எத்தனை மணிக்கு மோதியது என்று குறித்து வைத்தால் இது தெளிவாகத் தெரியும். இன்றைய எஞ்சின்கள் சத்தம் குறைந்தவை, அதனால் பறவை தாமதமாக விலகுகிறது என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எஞ்சினை நம்மால் மாற்ற முடியாது, குப்பையை முடியும்.

பட்டாசு வெடித்து விரட்டினால் போகும், இரை இருக்கும்வரை திரும்பவும் வரும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கிற மாதிரி விலங்குகளை வெட்டக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது என்று 1937-ம் ஆண்டு விமான விதிகளில் 91-வது விதியே இருக்கிறது. ஆகவே கழிவு கிடக்கும் இடத்தை நாள், நேரம் தெரியும்படி படம் எடுத்து, அந்த விதியைக் குறிப்பிட்டு, மாநகராட்சிக்கும் விமான நிலைய இயக்குநருக்கும் ஒரே மனுவாக அனுப்புங்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் போய் நின்று, எத்தனை பருந்து சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.