விராலுக்கு எந்த லூர், எப்படி வீசுவது: வேலூர்ப் பக்கத்து ஏரிகளுக்கான ஆரம்பப் பாடம்

லூர், அதாவது செயற்கை இரை, போட்டு மீன் பிடிப்பதை யூடியூபில் தேடினால், முக்கால்வாசி அமெரிக்காவில் பாஸ் பிடிக்கும் காணொளிகள்தான் வரும். அந்த லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க மீன், நம் ஏரிகளில் கிடையாது. ஆனாலும் அவற்றைப் பார்ப்பது வீண் போகாது. பாஸுக்காக உருவான லூர்களில் பல நம் விராலுக்கு அப்படியே பொருந்தும். இரண்டுக்கும் வேட்டைப் பழக்கம் ஒன்று: செடி மறைவில் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் தவளையையும் சின்ன மீனையும் பாய்ந்து விழுங்கும்.

பெரிய வித்தியாசம், விரால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் குட்டையிலும், செடி அடைத்துக் கிடக்கும் மூலையிலும்கூட அது நன்றாக வாழும். காணொளியில் படகில் போய்த் திறந்த தண்ணீரில் வீசுகிறார்களே என்று நாமும் நடு ஏரியைக் குறிவைத்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நம் பக்கத்தில் செடியைப் பார்த்துத்தான் லூரை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

பெரும்பாலான ஏரிகள் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரர் யாரென்று கரையோர டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். "அண்ணா, தூண்டில் போட்டுக்கட்டுமா?" என்று நேரில் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு ஏரியைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், பாலாற்றுப் படுகையின் தோல் கழிவுப் பிரச்சினை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன விவகாரம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் கழிவு கலக்கும் தண்ணீரில் பிடித்த மீனைக் குழம்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ராடு, ரீல், லைன்

ஆறரை அடியிலிருந்து ஏழு அடி வரை, மீடியம் ஹெவி ராடு போதும். ரீல் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீல் பார்க்க அழகுதான், ஆனால் கட்டைவிரல் பழகும் வரை லைன் சிக்கிக்கொண்டே இருக்கும். அதை அப்புறம் வாங்கலாம்.

லைனில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 30 முதல் 40 பவுண்டு பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த லைன், வாங்குங்கள். தங்கூசி (சாதாரண நைலான் லைன்) இழுத்தால் நீளும். மீன் கடித்த நேரத்தில் நீங்கள் இழுக்கும் விசை முள்ளுக்குப் போய்ச் சேராது. பிரெய்டு நீளாது, மெல்லிய தண்டுகளை அறுத்துக்கொண்டும் வரும். வெறும் ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளை) சுற்றினால் வழுக்கும் என்பதால், முதலில் சில சுற்று தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

முடிச்சுக்கு பாலமர் ஒன்று தெரிந்தால் போதும். லைனை இரட்டையாக மடித்து அந்த மடிப்பை லூரின் வளையத்துக்குள் விடுங்கள். இரட்டை லைனால் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். மடிப்பின் வாயை விரித்து முழு லூரையும் அதற்குள் நுழைத்து எடுங்கள். எச்சிலால் ஈரப்படுத்தி மெதுவாக இறுக்குங்கள். ஈரமில்லாமல் இறுக்கினால் உராய்வில் லைன் பலம் குறையும்.

தண்ணீரைப் படிப்பது

லூரைக் கட்டுவதற்கு முன் கரைமேல் நின்று பத்து நிமிடம் பாருங்கள். புதிதாக வருபவர்கள் தவறாமல் தாண்டிப்போகும் படி இதுதான், எனக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை.

காட்டாமணக்குப் புதர் தண்ணீருக்குள் இறங்கும் இடம், சம்புக்கோரையின் ஓரம், அல்லி இலைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, ஆகாயத்தாமரை மெத்தையில் கையகலம் திறந்திருக்கும் ஓட்டை, மதகை ஒட்டிய நிழல், ஏரி கோடி போகும்போது அதன் ஓரத்து மெதுவான தண்ணீர் என்று விரால் நிற்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா ஏரியிலும் ஒன்றுதான். காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியிலும் இவையெல்லாம் கரையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

விரால் காற்றுக்கு மேலே வரும்போது 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும், ஒரு வட்டம் விரியும். அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேராக அதன் தலைமேல் வீசாதீர்கள். தாண்டி வீசி, அந்த வழியாக லூரை இழுத்து வாருங்கள்.

நேரம் விடிகாலை அல்லது பொழுது சாயும் வேளை. கத்திரி வெயிலில் மதியம் போவதாக இருந்தால் அடர்ந்த செடி நிழலை மட்டும் நம்புங்கள். காலில் ஷூ இருக்கட்டும், கரைப் பொந்துகளில் விரியன் இருக்கும். மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது, ஆகவே முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம்.

செடி மெத்தைக்குத் தவளை

ஒரே ஒரு லூர்தான் வாங்க முடியும் என்றால் ரப்பர் தவளையை வாங்குங்கள். உள்ளே காலியான உடல், முதுகை ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள். செடிமேல் சிக்காமல் ஊர்ந்து வரும், மீன் கவ்வினால் உடல் அமுங்கி முள் வெளியே வரும். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, மெதுவாக அமுங்குவதை எடுங்கள். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். 8 முதல் 12 கிராம் எடை போதும். நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மங்கல் வெளிச்சத்துக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்குப் பச்சையோ பழுப்போ.

வீசும்போது ஆள்காட்டி விரலால் லைனைப் பிடித்து, ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, ராடைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் விசிறுங்கள். ராடு முனை கண்ணுக்கு எதிரே வரும்போது விரலை விடுங்கள். ஓட்டைக்கு நாலைந்து அடி அப்பால், செடிமேல் தவளை விழட்டும். ராடு முனையால் சின்னச் சின்னதாகத் தட்டி நகர்த்துங்கள். ஓட்டையின் விளிம்புக்கு வந்ததும் தண்ணீரில் இறக்கி, அப்படியே நிறுத்துங்கள். மூன்று நான்கு நொடி அசைக்கவே வேண்டாம். நான் பார்த்தவரை விரால் அடிப்பது பெரும்பாலும் இந்த நிறுத்தத்தில்தான்.

தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுக்கும். அடக்குங்கள். சத்தத்துக்கு இழுத்தால் மீன் வாயிலிருந்து தவளை பறந்து வந்துவிடும். ராடு முனையைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகு மேல்நோக்கி ஒரே பலமான இழுப்பு. அதன்பின் விளையாட்டுக் காட்ட நேரமில்லை. ரீலின் டிராக்கை (லைன் வெளியே ஓடாமல் பிடிக்கும் அமைப்பு) இறுக்கமாக வைத்து, ராடை உயர்த்திப் பிடித்து, மீனைச் செடிக்கு மேலேயே இழுத்து வாருங்கள். அடியில் போக விட்டால் தண்டுகளில் லைனைச் சுற்றிக்கொள்ளும்.

மற்ற லூர்கள்

அல்லித் தண்டுகளுக்கும் முழுகிய கருவேல மரங்களுக்கும் நடுவில் நான்கு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக் மீன் நல்லது. டெக்ஸாஸ் ரிக் என்று பாஸ் பிடிப்பவர்கள் சொல்லும் முறையில், லைனில் சின்ன புல்லட் ஈயம் கோத்து, 3/0 அளவு ஆஃப்செட் (கழுத்தில் வளைவுள்ள) முள்ளின் கூர் பிளாஸ்டிக்குள்ளேயே மறைந்திருக்கும்படி மாட்டுங்கள். கிளைமேல் சிக்காது. மெதுவாகச் சுற்றுங்கள், நடுநடுவே மூழ்க விடுங்கள்.

ஸ்பூன், ஸ்பின்னர் என்ற பளபளக்கும் உலோக லூர்கள் இரண்டும் செடியில்லாத தண்ணீருக்கு மட்டும். மோர்தானா மாதிரி அணைப்பக்கம் உதவும். மூன்று கொக்கி முள்ளை ஏரிச் செடிக்குள் வீசினால் லூர் திரும்பி வராது.

குஞ்சுகள் தெரிந்தால்

விரால் வழுக்கும், துள்ளும். தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளிக் கரைமேல் கொண்டுவந்த பிறகே குறடால் முள்ளை எடுங்கள், விரலை வாய்க்குள் விடாதீர்கள். சின்ன மீனை உடனே விட்டுவிடுங்கள். அறுந்த பிரெய்டைக் கரையில் போட்டால் கொக்கு, நாரை காலில் சுற்றும். சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் ஓரத் தண்ணீரில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல மேலே வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பசியில்லாமலே, கோபத்தில் எந்த லூரையும் அடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். தயவுசெய்து பிடிக்காதீர்கள். பெரியது போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரைதான். குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றி வலம் வரும் பையன்கள் யாராவது தவளையைக் கட்டிக்கொண்டிருந்தால் அவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் கரையோடு நன்றாகத் தள்ளிப் போய், அடுத்த காட்டாமணக்குப் புதரில் வீசுங்கள்.