கோழி கிளறுனாட்ட எழுத்தா? பென்சில்ல இருந்து ஆரம்பிக்காதீங்க

எம்பையனுக்கு ஒம்பது வயசுங்க, ஆஸ்பெர்ஜர், ஆட்டிசத்துல ஒரு வகை. மேட்டுப்பாளையம் ஊட்டி ரயிலு எந்தெந்த ஸ்டேஷன்ல நிக்கும், பல்சக்கரம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மூச்சு விடாம சொல்லுவான், அதையே நோட்டுல நாலு வரி எழுதுடா சாமின்னா அரை மணி நேரம் ஆகும், எழுத்து கோழி கிளறுனாட்ட இருக்கும். பள்ளிக்கூடத்துல சோம்பேறின்னாங்க. நானும் அத நம்பி பொழுதோட ரெண்டு பக்கம் காப்பி எழுத வெச்சேன், அவனும் அழுதான் நானும் அழுதேன், எழுத்து மட்டும் அப்படியே இருந்துச்சு.

சோம்பேறித்தனம் இல்லீங்க இது. 1944ல வியன்னால ஆஸ்பெர்ஜர் டாக்டர் இந்த மாதிரி பசங்களப் பத்தி எழுதுனப்பவே கை கால் அசைவுல இருக்கற தடுமாற்றத்தையும் சொல்லியிருக்காரு. நெறைய பேருக்கு மூட்டு தளர்வா இருக்கும், தோள்ல பலம் பத்தாது, எவ்வளவு அழுத்தறோம்னு விரலுக்கே தெரியாது, அடுத்த கோடு எங்குட்டு போகணும்னு மூளை சொல்றதுக்கும் கை கேக்கறதுக்கும் நடுவுல ஒரு இழுபறி. இதுல எல்லாமே கரெக்டா இருக்கணும்ங்கற பிடிவாதம் வேற, ஒரு எழுத்து கோணுச்சுன்னா பேப்பர் கிழியற வரைக்கும் அழிப்பான்.

மொதல்ல ஒக்கார்றதப் பாருங்க. கால் தொங்குச்சுன்னா கீழ ஒரு மணை போடுங்க, முழங்கை மேசை மேல நிக்கணும், நோட்டுக்கு அடியில தடியான ஃபைல் ஒண்ணு வெச்சு சரிவாக்குங்க.

அப்பறம் தோள். எழுத ஒக்கார்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒடம்புக்கு வேலை குடுங்க. எங்கூட்ல சந்தகை பிழியறப்ப அவனையும் ஒரு பக்கம் அமுக்கச் சொல்லுவோம், ஆறுன மாவா இருக்கட்டும். கடலைக்காய் உரிக்கறது, பல்லாங்குழில புளியங்கொட்டைய ஒண்ணொண்ணா போடறது, துணிக்கு கிளிப் மாட்டறது எல்லாமே விரலுக்கு நல்லது. எங்களுக்கு ரொம்ப கைகுடுத்தது என்னன்னா பெயிண்ட் பிரஷ்ஷத் தண்ணில நனைச்சு செவுத்துல எழுதறது, நின்னுக்கிட்டு கைய ஒசத்தி எழுதறதால தோளும் மணிக்கட்டும் தானா பலமாகுது.

பென்சில் அதுக்கப்பறந்தான். கிரேயான ஒரு இஞ்சுக்கு ஒடச்சுக் குடுங்க, குட்டியா இருந்தா மூணு விரல்லதான் புடிக்க முடியும். ரொம்ப அழுத்தறவனுக்கு மடிச்ச துண்டு மேல பேப்பர வெச்சு ஓட்டை விழாம எழுதற விளையாட்டு, ஆனா ஓட்டை விழுந்தா கத்தற புள்ளைன்னா இது வேண்டாங்க.

எழுத்துக்கு வந்தா, அ ஆ வரிசையில போகாதீங்க. ட, ப, ம, ய ஒரு கூட்டம், சுழிச்சு ஆரம்பிக்கற வ, ள, ன, ண இன்னொரு கூட்டம், ஒரு கூட்டம் கைக்கு வந்ததும் அடுத்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டுல கட்டத்துக்கு ஒரு எழுத்து. கொ, கோ எழுதறப்ப எம்பையன் சண்டை புடிச்சான், காதுல பின்னாடி கேக்கற சத்தத்துக்கு கொம்பு ஏன் முன்னாடி நிக்குதுன்னு. நியாயமான கேள்விதானுங்களே, அதுதான் சட்டம்னு சார்ட்ல எழுதி ஒட்டுனதும் ஒத்துக்கிட்டான். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி படிச்ச அப்பத்தா பழைய வழக்கத்துல தும்பிக்கை போட்ட ‘லை’ எழுதிக் காட்டுனப்ப வந்த ரகளைய நான் சொல்ல மாட்டேன். வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி எழுதிக் காட்டுங்க.

டீச்சர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான், அவனுக்குத் தெரியுமாங்கறதையும் அவன் எழுத்து அழகாங்கறதையும் தனித்தனியா பாருங்கன்னு. பத்து கேள்விக்கு பதிலா மூணு எழுதட்டும், மிச்சத்த வாயில சொல்லட்டும், போர்டுல இருக்கறத ஜெராக்ஸாக் குடுக்கட்டும். நாலாவது அஞ்சாவதுலயே தமிழ்99 கீபோர்டுல டைப்பிங் ஆரம்பிச்சிருங்க.

அரசு மாவட்ட ஆஸ்பத்திரில டிஇஐசி, அதாவது புள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்டப் பாக்கற மையம் எங்கன்னு கேளுங்க, 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, எழுதறது மாதிரி அன்றாட வேலைக்குப் பழக்கற ஆக்குபேஷனல் தெரபி எங்க கிடைக்கும்னு அங்கயே விசாரிக்கலாம். 2013ல அமெரிக்க டாக்டருங்க வகைப்பாட்டுல ஆஸ்பெர்ஜர்ங்கற பேர எடுத்து ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துல சேத்துட்டாங்க, அதனால சர்டிபிகேட்ல ஆட்டிசம்ங்கற பேருதான் வரும், பயந்துக்காதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சர்டிபிகேட் இருந்தா பத்தாவது, பன்னெண்டாவது பொதுத்தேர்வுல எழுத ஆள், கூடுதல் நேரம் கேக்கலாம். கடைசி நேரத்துல ஓடாம ஒம்பதாவதுலயே பேப்பர ரெடி பண்ணிருங்க.

காப்பி நோட்ட எடைக்குப் போட்டாச்சு. இப்ப தெனமும் பொழுதோட தண்ணித்தொட்டிச் செவுத்துல பிரஷ்ஷோட நிப்பான். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர். குன்னூர் வர்றதுக்குள்ள கல்லாறு வெயில்ல காஞ்சு போயிருது, அவனுக்கு அழிக்கற வேலையே இல்லீங்க.