எட்டாவது சுற்றில் கிடைத்த நட்சத்திரம்

2025 அக்டோபரில் அலுவலகத்து ஃபேன்டசி கூடைப்பந்து லீகில் ஓர் ஆள் குறைகிறது என்று என்னைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் என்பிஏ வீரர்களை ஆளுக்கொரு கற்பனை அணியாகப் பிரித்துக்கொண்டு, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்து மோதுவதுதான் அது. கணக்குத் துறையில் இருப்பவள்தானே, எண்கள் என்ன செய்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன்.

வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். அன்றிரவே அதன் ஒத்திகையான ஒரு மாக் டிராஃப்டில் உட்கார்ந்தேன். எட்டாவது சுற்றிலும் நட்சத்திர வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பெயர் பட்டியலில் மிச்சம் இருந்தது. முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 9.2 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்)! இத்தனை பேர் கண்ணிலும் படவில்லையே என்று பாய்ந்து எடுத்தேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அவருக்கு ஜூன் மாத இறுதிப் போட்டியிலேயே குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. இந்த சீசன் முழுக்க ஆடமாட்டார்." பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி இருந்திருக்கிறது. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

இப்படி அசடு வழியத்தான் மாக் டிராஃப்ட். யாஹூ, ஈஎஸ்பிஎன் இரண்டிலும் காசில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஆனால் உங்கள் லீக் எப்படியோ அப்படிப்பட்ட அறையாகத் தேடி நுழையுங்கள். எங்கள் லீகில் 12 அணிகள், 13 சுற்றுகள். 156 வீரர்கள் போய்விடுவார்கள். பத்து அணி அறையில் பழகினால் 130 பேரோடு கதை முடிந்துவிடும். கடைசி 26 பேரை யாரென்றே தெரியாமல் உண்மை டிராஃப்டுக்குப் போய் நிற்பீர்கள்.

வரிசை பாம்புபோல் வளைந்து வரும்: ஒரு சுற்று முதல் இடத்திலிருந்து கடைசிக்கு, அடுத்தது கடைசியிலிருந்து முதலுக்கு. மூன்றாம் இடம் கிடைத்தால் உங்கள் முறை 3, 22, 27, 46. பன்னிரண்டாம் இடமென்றால் 12, 13 என்று அடுத்தடுத்து இருவர். பிறகு 36 வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரு முறையாவது அனுபவியுங்கள். உங்கள் முறை வருமுன் ஐந்து பெயர்களையாவது காத்திருப்புப் பட்டியலில் போட்டுவையுங்கள். எங்களுக்குக் கொடுத்தது 30 வினாடி. அதில் பாதி, ஆசைப்பட்டவரை முந்தைய ஆள் எடுத்துவிட்டாரே என்ற வருத்தத்திலேயே கழிந்துவிடும்.

புள்ளி, ரீபவுண்ட் (தவறிய வீச்சின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (வீச்சைத் தடுப்பது), த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சு), கோல் சதவீதம், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற வீச்சு) சதவீதம், டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுப்பது) என ஒன்பது பிரிவுகள். வாரந்தோறும் எதிரணியை அவற்றில் ஐந்தில் வென்றால் அந்த வாரம் உங்களுடையது. புதியவர்கள் புள்ளியை மட்டுமே பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் புள்ளிகளைக் குவிக்கும் யானிஸ் ஆன்டெட்டோகூன்போவை எடுத்தேன். 2024-25 சீசனில் அவர் ஆட்டத்துக்கு 10.6 ஃப்ரீ த்ரோ வீசியிருக்கிறார். உள்ளே போனது 61.7 சதவீதம். வாரத்துக்கு நான்கு ஆட்டம் என்று வைத்தால் 42 வீச்சில் 26. அணியின் மற்றவர்கள் சேர்ந்து 100க்கு 80 போட்டிருந்தாலும் மொத்தம் 142க்கு 106 ஆகிறது. 80 சதவீதம் 75 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது, அதுவும் ஒரே ஆளால்.

அதனால் அவரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அடுத்த மாக் டிராஃப்டில் ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே கைகழுவிப் பாருங்கள். இதைத்தான் 'பன்ட்' என்கிறார்கள். ஃப்ரீ த்ரோவில் சுமாரான, ஆனால் ரீபவுண்டும் பிளாக்கும் தரக்கூடிய ரூடி கோபேர் போன்றவர்கள் அப்போது சட்டென்று லாபமாகத் தெரிவார்கள். எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஓர் எச்சரிக்கை. மாக் டிராஃப்டில் பாதியில் பலர் எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கணினி தரவரிசைப்படி எடுத்துக்கொண்டே போகும். ஆகவே பதினோராவது சுற்றில் ஒரு நல்ல இளம் வீரர் கிடைத்தால், உண்மை டிராஃப்டிலும் அதுவரை இருப்பார் என்று நம்பாதீர்கள். நீங்களும் எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் அணிக்கு ஒரு மதிப்பெண் காட்டினால் அதைச் சட்டை செய்ய வேண்டாம். உங்கள் முறைக்குச் சற்று முன்பாக யார் யார் பறிபோனார்கள் என்பதைத் தாளில் குறித்து வையுங்கள்.

நான் நான்கு முறை பழகினேன். உண்மை டிராஃப்டில் பதினோராம் இடம் விழுந்தது. எட்டாவது சுற்றில் சக ஊழியர் ஒருவர் ஹாலிபர்ட்டனை எடுத்துவிட்டு, "இவரை எப்படி எல்லோரும் விட்டீர்கள்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.